வேங்கடம் செய்த பெட்டி

பாட்டை ஓடவிட்டாயிற்று. இனி ஐந்து நிமிஷம் நாற்பது விநாடிக்கு நான் எதுவும் பேச வேண்டியதில்லை. ஹேமாவதி எனக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள், திரும்பிப் பார்க்கக் கூடாது. பாடினவருக்கு மிக்ஸை, அதாவது குரலையும் வாத்தியங்களையும் கலந்து முடித்த பாட்டை, முதல் தடவை போட்டுக் காட்டும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை என்பது என் நாற்பது வருஷப் பழக்கம், பார்த்தால் கை தானாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தேடிப் போகும், போனால் பாட்டு கெட்டது. பாடும் அறைக்கும் இந்த அறைக்கும் நடுவிலுள்ள கண்ணாடியில் அவள் புடவையின் பச்சை மட்டும் தெரிகிறது. கிடார் தனியாக இரண்டு சுற்று வந்து நிற்கிறது, இதோ குரல். கொஞ்சம் இரு, மழை விடட்டும். அவளே எழுதி அவளே மெட்டமைத்த வரி. குரல் வந்தவுடன் கருவிகளை அடுக்கிய ராக்கின் மூன்றாவது தட்டில் இருக்கும் பெட்டியில் மீட்டர் முள் லேசாக இடப்பக்கம் சாய்கிறது, 'விடட்டும்' என்று அவள் அழுத்தும்போது இன்னும் சாய்கிறது, மூச்சு வாங்கும்போது திரும்பி வருகிறது. முன்பக்கத் துளைகள் வழியாக பழைய ரேடியோவில் இருப்பது மாதிரியான நான்கு வால்வுகளும் மஞ்சளாக எரிவது தெரிகிறது. கையை வைத்தால் மேல்தகடு சுடும். எல்லாம் சரியாக இருக்கிறது, அவள் குரல் அந்தப் பெட்டி வழியாக வரவில்லை என்பதைத் தவிர.

அது வேங்கடம் செய்த பெட்டி. திருவேங்கடம், ஹேமாவின் கணவன், எனக்கு முப்பத்தேழு வருஷச் சிநேகிதன், போன நவம்பரில் அடைமழையில் போய்ச் சேர்ந்தான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பெட்டியை யாரோ திறந்து வரைந்த சர்க்யூட் படம், அதன் ஜெராக்ஸ், அதுவும் பாதி மங்கியது, அதை வைத்துக்கொண்டு எண்பத்தெட்டில் ஆறு மாதம் ரிச்சி தெருவில் அலைந்தான். வால்வு ஒரு கடையில், மீட்டர் ஒரு கடையில், டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் எங்கும் சரியாக அமையவில்லை, கடைசியில் தானே கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றினான். பாடுகிறவர் கத்தினால் அடக்கும், முணுமுணுத்தால் தூக்கிவிடும், அவ்வளவுதான் அதற்கு வேலை. ஆனால் அதற்குள் போய்த் திரும்பும் குரலில் ஏதோ ஒன்று சேர்ந்துவிடும், பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது மாதிரி, நெஞ்சுக்கூட்டின் சூடு தெரிகிற மாதிரி. சினிமாக்காரர்கள் வார்ம்த் என்றார்கள். வேங்கடத்துக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. சுத்தமா ஒரு குரல் வருது, நான் அதுல கொஞ்சம் அழுக்கு கலக்கறேன், நீங்க அதை சூடுங்கறீங்க, என்பான். கணக்காகத்தான் சொன்னான், வால்வு செய்வது அதுதான், குரலோடு சேர்த்து அதன் நிழல்கள் இரண்டு மூன்றையும் மெலிதாக உண்டாக்குகிறது, காதுக்கு அது கனமாகப் படுகிறது. அழுக்கு. எனக்கு அந்த அழுக்கினால்தான் பேர் வந்தது. கிளெமென்ட்கிட்ட போனா குரல் வெதுவெதுன்னு வரும் என்று சாலிகிராமம் முழுக்கச் சொன்னார்கள். கிளெமென்ட் வேங்கடத்தைக் காட்டினானா? காட்டினேன். ஆரம்பத்தில் எல்லாரிடமும் சொன்னேன். பிறகு யாராவது கேட்டால் சொன்னேன். பிறகு யாரும் கேட்கவில்லை.

முதல் சரணம். இங்கே ஒரு வயலின் வர வேண்டும், வருகிறது, கொஞ்சம் முன்னால் வந்துவிட்டதோ, இல்லை, இருக்கட்டும். ஹேமா அசையவில்லை. போன வருஷம் ஜூன் பதினேழு. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை இருக்கும், மெழுகு கருகுகிற மாதிரி ஒரு வாசனை, பிறகு குரல் பாதியில் காணாமல் போயிற்று. அவன் கையால் சுற்றிய அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான், வெளியே போகிற பக்கத்தில் இருப்பது. வால்வுகளை எரிய வைக்கும் மின்சாரம் வேறு வழியில் வருகிறது, அதனால் வால்வுகள் எரிந்துகொண்டே இருந்தன. முள்ளும் அதற்கு முந்தின கட்டத்திலிருந்து வருவது, குரலை உள்ளே அனுப்பினால் முள் ஆடும். உள்ளே போனது வெளியே வராது, அவ்வளவுதான். இரண்டு மணிக்கு ஒரு இசையமைப்பாளர் வருவதாக இருந்தது. அவசரத்துக்கு கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் பெட்டியைத் திறந்தேன், அதே வெளிநாட்டுப் பெட்டியை அப்படியே பிரதி எடுத்து விற்கிறார்கள், திரையில் அதே முள், அதே குமிழ், துருகூட வரைந்திருக்கிறார்கள். வாங்கி இரண்டு வருஷமாகச் சும்மா கிடந்தது. பத்து நிமிஷத்தில் சரி செய்துவிட்டேன். அந்தப் பையன், பையன் என்ன, முப்பத்தைந்து வயது, கண்ணை மூடிக் கேட்டான். பாட்டு முடிந்ததும் எழுந்துபோய் ராக்கில் இருந்த பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். சுட்டது. சிரித்தான். சார், இந்தச் சூடு கம்ப்யூட்டர்ல வருமா என்று கேட்டான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான். அந்த இடத்தில் வாயைத் திறந்து, தம்பி, நீ கேட்டது கம்ப்யூட்டர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதன்பின் எதுவுமே இல்லை, அவனும் ஆச்சரியப்பட்டுவிட்டுப் போயிருப்பான். சிரித்துவிட்டேன்.

மறுநாள் வேங்கடத்தைக் கூப்பிட வேண்டியது. மறுநாள் காலை ஒரு பக்திப் பாடல், சாயங்காலம் ஒரு விளம்பரம். வியாழக்கிழமை கூப்பிடலாம் என்று நினைத்தேன், அன்றைக்குள் சாஃப்ட்வேரில் மூன்று வேலை முடிந்திருந்தது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. வேங்கடம் வந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் யோசித்தேன். வந்து உட்கார்ந்து, இந்த மூணு நாளா என்னடா பண்ணே என்று கேட்பான். போட்டுக் காட்டு என்பான். காட்டினால் அவனுக்குத் தெரிந்துவிடும், அவன் செய்த பெட்டி இல்லாமலே கிளெமென்ட் சமாளித்துவிட்டான், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று. அது அவனைப் புண்படுத்தும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்லவன் மாதிரி. உண்மையில் அவன் எதிரே நான் அகப்பட்டுக்கொள்வேன் என்பதுதான் பயம். மூன்று பாட்டு ஐந்தானது, ஐந்து எட்டானது, ஒவ்வொரு பாட்டும் ஃபோனை இன்னும் கொஞ்சம் கனமாக்கியது. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். பழைய டேப்பில் பெட்டி வழியாகப் பதிந்த குரல் ஒன்று, அதே குரல் சாஃப்ட்வேர் வழியாக ஒன்று, எது எது என்று தெரியாதபடி கம்ப்யூட்டரே மாற்றி மாற்றிப் போட்டது. இருபது தடவை. பதினொன்று சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். அந்தச் சாஃப்ட்வேரில் இரைச்சலுக்கென்று ஒரு குமிழ் வைத்திருக்கிறான், திருகினால் பழைய பெட்டி மாதிரி உம்மென்று கீழே ஒரு ரீங்காரம் சேரும். அந்த ரீங்காரத்தைப் போக்க வேங்கடம் நான்கு வருஷம் போராடினான், மண்ணில் செப்புக்கம்பி புதைத்தான், தகரத்தால் கூடு கட்டினான், இப்போது அதைக் குமிழ் வைத்து விற்கிறார்கள். அதிலும் அவர்கள் ஊர் கரண்டின் ரீங்காரம் விநாடிக்கு அறுபது அதிர்வு, நம் ஊர் ஐம்பது, நான் தேடிப் பிடித்து ஐம்பதாக மாற்றி வைத்தேன். ஏமாற்றுவதானாலும் நம் ஊர் மாதிரி ஏமாற்ற வேண்டும் என்று தோன்றியிருக்கிறது பார்.

இடையிசை. ஷெனாய் மாதிரி ஒன்று வாசித்திருக்கிறான் கீபோர்டில், அது பரவாயில்லை. கண்ணாடியில் பச்சை அசைகிறது, கண்ணைத் துடைக்கிறாளா, முந்தானையைச் சரி செய்கிறாளா, தெரியவில்லை. ஹேமா இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதல் தடவை வந்து நின்றது எண்பத்தொன்பது. இந்தக் கட்டடம் இல்லை, பழைய ஸ்டூடியோ, ஆனால் கண்ணாடி இதே கண்ணாடிதான், கழற்றிக்கொண்டு வந்தோம். அவள் ட்ராக் பாடகி. பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் பாட்டை ஒரு தடவை பாடிப் பதிந்து வைப்பார்கள், அவர் வந்து அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடுவார், பாடியதும் ட்ராக்கை அழித்துவிட்டு அதே இடத்தில் அவர் குரல். அழிக்கிற பொத்தானை அழுத்துவது நான். எத்தனை நூறு பாட்டில் அவள் குரலை அழித்திருப்பேன். அந்தக் காலத்தில் காலை ஒன்பதரைக்கு ஸ்விட்சைப் போட்டால் பத்து மணி வரைக்கும் எதுவும் செய்ய முடியாது, வால்வுகள் சூடேற அரைமணி வேண்டும், வேங்கடம் அந்த அரைமணியில் யாரையும் கன்சோலைத் தொட விடமாட்டான். எதிரே நாயர் கடையிலிருந்து காபி வரும், அவனுக்குச் சர்க்கரை இரண்டு ஸ்பூன் தனியாக. அந்த அரைமணிகளில்தான் எங்கள் வாழ்க்கை முழுவதையும் பேசினோம் என்று இப்போது தோன்றுகிறது. என் தங்கை கல்யாணம், அவன் அப்பா சிந்தாதிரிப்பேட்டை வீட்டை இழந்தது, என் மனைவி ரீட்டாவுக்கு முதல் குழந்தை நிற்காமல் போனது, எல்லாம் ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவில். கம்ப்யூட்டரைத் தட்டினால் உடனே பாட்டு வருகிறது. பேச நேரமே இல்லை. ஹேமாவும் அந்த அரைமணியில் வந்து உட்கார்ந்திருப்பாள், பேசமாட்டாள், ஒரு பிளாஸ்டிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுத்தாளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பாடி முடித்ததும் வேங்கடம் என்னிடம் வந்து, பெட்டியில ஏதோ கரகரங்குது, செக் பண்ணணும், அந்த ட்ராக்கை இன்னொரு தடவை போடு என்பான். எனக்கு ஒரு கரகரப்பும் கேட்காது. போடுவேன். அழிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை என்பான். ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஹேமாவுக்கு அதற்கும் முன்பே புரிந்திருந்ததாகப் பின்னால் சொன்னாள்.

இரண்டாயிரத்துப் பத்தில் அந்த மாதிரி சாஃப்ட்வேர் ஒன்று முதலில் வந்தபோது நானேதான் அவனைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன், சிரிப்பான் என்று நினைத்து. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டான். கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இன்னும் பத்து வருஷத்துல சரியா பண்ணிடுவான் கிளெமென்ட் என்றான். அதுக்கப்புறம் என்னை ரிப்பேருக்குக் கூப்பிடாதே, காபிக்குக் கூப்பிடு என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை. கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்கிற மாதிரி சொன்னான். நான் ரிப்பேருக்கும் கூப்பிடவில்லை. நவம்பரில் செய்தி வந்ததும் கொளத்தூரில் அவன் வீட்டுக்குப் போனேன், முழங்கால் தண்ணீர், ஆட்டோ வரவில்லை, கடைசி ஒரு கிலோமீட்டர் நடந்தேன். ஹேமா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. அவர் செஞ்ச பெட்டி உங்ககிட்ட ஓடிட்டிருக்கு, அது போதும்ணா என்றாள். நான் தலையை ஆட்டினேன். சாவு வீட்டில் வேறு என்ன செய்வது, தலையைத்தான் ஆட்டுவார்கள். ஆனால் ஜனவரியில் அவள் இங்கே வந்து, அவர் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தார், என் குரல்ல சொந்தமா ஒரு ஆல்பம், அவர் பெட்டி வழியா, ஆறே பாட்டு போதும் என்று கேட்டபோது அது சாவு வீடு இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவையாகத் தன் பெயரில் பாட வருகிறவளிடம் எப்படிச் சொல்வது என்று பார்த்தேன். பதிவு நடந்த மூன்று நாளும் அவள் பாடும் அறைக்குள் போவதற்கு முன் ராக்குக்கு வந்து பெட்டியின்மேல் ஒரு நிமிஷம் கையை வைத்துவிட்டுப் போனாள். நான் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் வருவதற்கு அரைமணி முன்பே வந்து, சூடாக இருக்க வேண்டுமே என்று, ஸ்விட்சைப் போட்டு வைத்தவன் நான்.

கடைசி பல்லவி. இங்கே அவள் குரல் ஒரு இடத்தில் உடையும், அதை நான் வெட்டி எடுக்கவில்லை, நல்லவேளை எடுக்கவில்லை. கொஞ்சம் இரு. கொஞ்சம் இரு. முள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. கிடார் தேய்கிறது. முடிந்தது.

நான் நாற்காலியைத் திருப்பினேன். ஹேமா அழுதிருந்தாள், ஆனால் முகம் சந்தோஷமாக இருந்தது, அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. என் குரல் இவ்வளவு நல்லாவா இருக்கும்ணா என்று கேட்டாள். அவர் எப்பவும் சொல்வார், உன் குரல் என் பெட்டிக்குள்ள போனாத்தான் வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும்னு, நான் சும்மா சொல்றார்னு நினைச்சேன் என்றாள். பிறகு பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். ஆல்பத்தின் பின்னட்டைக்கு எழுதி வைத்திருக்கிறாள். கிடார் வாசித்தவர் பெயர், வயலின், என் பெயர், கடைசியில் தனியாக ஒரு வரி, நீலமசியில், கோடு போட்டு: 'இப்பாடல்கள் அனைத்தும் என் கணவர் அமரர் திருவேங்கடம் தம் கையால் செய்த கருவியின் வழியே பதிவானவை.' அமரர் சரிதானே, மறைந்த என்று போடலாமா என்று கேட்டாள்.

அந்த வரியைப் படித்தேன். திரும்பப் படித்தேன். சிரிப்பதை, தலையாட்டுவதை, குனிந்துகொள்வதை எல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை, இது அச்சில் வரப்போகிறது. இது நான் சொன்ன பொய், அவள் கையெழுத்தில்.

"ஹேமா, அந்தப் பெட்டி ஓடலம்மா" என்றேன்.

அவள் ராக்கைப் பார்த்தாள். எரிகிறதே என்றாள். எரிவது வேறு, குரல் போவது வேறு என்று சொன்னேன், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்ததைச் சொன்னேன், முள் எப்படி ஆடுகிறது என்பதைச் சொன்னேன், நீ கேட்டது கம்ப்யூட்டரில் இருக்கிற நகல் என்று சொன்னேன். நான் சொல்வது எனக்கே வேறு யாரோ வகுப்பெடுக்கிற மாதிரி இருந்தது. அவள் தாளை மடித்தாள். இரண்டாக, நான்காக. "எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

எப்போதிலிருந்து. இதை நான் யோசிக்கவே இல்லை. ஒன்பது மாதமாக, சொல்வதா வேண்டாமா என்பதையே சுற்றிச் சுற்றி வந்தவன், சொன்னால் அடுத்த கேள்வி இதுதான் என்பதை யோசிக்கவே இல்லை. டிசம்பர் என்று சொல்லலாம். டிசம்பர் என்றால் அவன் போன பிறகு, பெட்டியும் போயிற்று என்று ஆகிவிடும், அவளுக்கு அதில் ஒரு அர்த்தம்கூடத் தோன்றும், அவர் போனதும் அதுவும் நின்றுவிட்டது என்று நாலு பேரிடம் சொல்வாள், அழுவாள், என்னை மன்னிப்பாள். நான் சொல்லத் தயங்கினது வெறும் இரக்கம் என்று ஆகிவிடும். டிசம்பர். ஐந்து எழுத்து. யார் வந்து பார்க்கப் போகிறார்கள், பெட்டிக்குள் தேதியா எழுதியிருக்கிறது. நவம்பர் கடைசி என்றுகூடச் சொல்லலாம். ஜூன் என்றால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், ஐந்து மாதம், அவன் கொளத்தூரில் உயிரோடு இருந்த ஐந்து மாதம், சாலிகிராமத்திலிருந்து ஒரே பஸ். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள், சந்தேகமே இல்லாமல், நான் எந்த மாதத்தைச் சொன்னாலும் எடுத்துக்கொள்ளத் தயாராக.

"ஜூன்லேர்ந்து" என்றேன். "ஜூன் பதினேழு."

அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. உதடு லேசாக அசைந்தது.

"அப்ப அவர் இருந்தாரே அண்ணா."

ஆமாம் என்றேன். ஏன் கூப்பிடவில்லை என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன், அதற்காவது ஒரு பதிலை நான் பல தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. குரலை உயர்த்தாமல், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது மாதிரி சொல்ல ஆரம்பித்தாள். போன வருஷம் முழுக்க அவருக்கு எங்கிருந்தும் வேலை வரவில்லை, எல்லா ஸ்டூடியோவிலும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்துவிடுவார், ஃபோன் மடியில். மணி அடித்தால் பேங்க் கடன் வேண்டுமா என்று யாராவது பெண் கேட்பாள், அவளிடமும் மரியாதையாகப் பேசி வைப்பார். கிளெமென்ட் பெட்டிக்கு வால்வு மாத்தற நேரம் வந்தாச்சு, கூப்பிடுவான் என்று ஆடி மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நாலு வால்வு வாங்கிப் பஞ்சில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். நீங்களே கூப்பிட்டுக் கேளுங்களேன் என்று நான்தான் ஒருநாள் சொன்னேன் என்றாள்.

"நான் கூப்பிட்டா வேலை கேட்கற மாதிரி ஆயிடும், அவனா கூப்பிடட்டும்னார்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். பயம் என்று சொன்னேன் என்று நினைக்கிறேன், அவன் முன்னால் அகப்பட்டுக்கொள்ளப் பயம் என்று. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். பெட்டியைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டாள். ஸ்விட்சை அணைத்தேன், வால்வு ஆறுவதற்குக் கால்மணி ஆகும் என்றேன். அதுவரைக்கும் பாட்டை இன்னொரு தடவை போடுங்க என்றாள். போட்டேன். இந்தத் தடவை பெட்டி இருட்டாக இருந்தது, முள் அசையவில்லை, குரல் மட்டும் ஸ்பீக்கரிலிருந்து வந்தது, அவள் முழங்கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்து கேட்டாள், எங்கேயாவது ஒரு இடத்தில் பொய் தெரிந்துவிடாதா என்று தேடுகிறவள் மாதிரி. நானும் அதையேதான் தேடினேன். அந்த ஐந்து நிமிஷம் நாற்பது விநாடியில் எனக்கு ஒரு குறை கிடைத்திருந்தால், குரலில் ஒரு தகரச் சத்தம், ஒரு வெறுமை, ஏதாவது ஒன்று கிடைத்திருந்தால், வேங்கடம் வேண்டியிருந்தான் என்று அவளிடம் சொல்லியிருப்பேன். கிடைக்கவில்லை. முடிந்ததும் அவள் நிமிர்ந்து, இப்ப கேட்டாலும் நல்லாத்தான் இருக்கு என்றாள், புகார் சொல்கிற மாதிரி.

எட்டுத் திருகாணி. மேல்தகட்டை எடுத்தேன். அவன் வேலை எவ்வளவு சுத்தம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது, ஒயர்கள் எல்லாம் மெழுகு நூலால் ஒரே இடைவெளியில் முடிச்சிட்டு, பின்னிய ஜடை மாதிரி. ஓரத்தில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் கருத்து, வழிந்து உறைந்திருந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்து விரலில் ஒட்டின கரியைப் பார்த்தாள். இதைச் சரி பண்ண எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள். அவனாக இருந்தால் இரண்டு நாள் என்றேன். பெங்களூரில் ஒருவர் இருக்கிறார், அவர் சுற்றிக் கொடுப்பார், நானே கொண்டுபோய் என்று ஆரம்பித்தேன். வேண்டாம்ணா, நான் எடுத்துட்டுப் போறேன் என்றாள்.

ராக்கிலிருந்து கழற்றி, பழைய போர்வை ஒன்றில் சுற்றி, படி இறங்கினேன். பதினான்கு கிலோ. அவள் முன்னால் இறங்கினாள், ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பி நான் வருகிறேனா என்று பார்த்தபடி, அந்தக் கோபத்திலும் அந்த வழக்கம் அவளுக்குப் போகவில்லை. கோபம்தானா, எனக்குத் தெரியவில்லை. தெருவில் மார்ச் மாத வெயில், கண் கூசியது. ஆட்டோ வந்தது. பெட்டியைச் சீட்டில் வைத்தேன், அவள் மறுபக்கம் சுற்றி வந்து ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பாட்டை என்ன செய்யட்டும் என்று கேட்டேன், எல்லாவற்றையும் வேறு மாதிரி மறுபடி செய்து தரட்டுமா, எந்தச் சாஃப்ட்வேரும் இல்லாமல்.

"பாட்டை மாத்தாதீங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு" என்றாள். பின்னட்டையில் அந்த வரி வேண்டாம், மற்றதெல்லாம் இருக்கட்டும், உங்கள் பெயரும் இருக்கட்டும் என்றாள். அவர் பெயரை எங்கே போடுவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். டிரைவர் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கண்ணாடியில் பார்த்தான். மீதி இரண்டு பாட்டு இருக்கிறதே, எப்போது வருகிறாய், நான் திங்கட்கிழமை கூப்பிடட்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாயில் வந்துவிட்டது, வழக்கமாக எல்லாரிடமும் கேட்பது.

"நீங்க கூப்பிடாதீங்கண்ணா" என்றாள். "எனக்குத் தோணினா நானே கூப்பிடறேன்."

சரி என்றேன். ஆட்டோ கிளம்பி, பால் பூத்தைத் தாண்டி, இஸ்திரி வண்டியிடம் கொஞ்சம் ஒதுங்கி, மெதுவாகப் போயிற்று. நான் அங்கேயே நின்றேன். கையில் போர்வையின் நூல் ஒட்டியிருந்தது, தட்டினேன், போகவில்லை. ரீட்டாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ஃபோன் இல்லை, மேலே கன்சோல் மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பிப் படி ஏறினேன், முழங்கால் வலிக்க, இரண்டிரண்டு படியாக, அறுபத்திரண்டு வயதில், ஆட்டோ இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்காது, அதற்குள் அவள் கூப்பிட்டிருக்க மாட்டாள் என்று நன்றாகத் தெரிந்துதான்.